விதைநெல் காத்த விஞ்ஞானியை விரட்டினார்கள்! நம் விதை உரிமையையும் விரட்ட விடலாமா?

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! கல்வராயன் மலைவாழ் உழைப்பாளிகளே! விதைப்பானை காக்கும் தாய்மார்களே!

இந்த நோட்டீசைப் படித்துவிட்டு மடித்துப் போட்டுவிடாதீர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு டீக்கடையில் வைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். இது ஒரு மனிதரின் கதை. ஆனால் நம்ம வீட்டுக் குதிரில் இருக்கிற நெல்லின் கதையும் இதுதான்.

அந்த மனிதர் 19 ஆயிரம் வகை நெல்லைச் சேர்த்து வைத்தார். ஒன்று, இரண்டு இல்லை அய்யா, 19 ஆயிரம்! அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? முதலில் நாற்காலியைப் பறித்தார்கள். பிறகு அவர் கட்டி எழுப்பிய நிலையத்தையே இழுத்து மூடினார்கள். அவர் பெயர் டாக்டர் ராதேலால் ஹரேலால் ரிச்சாரியா. நம்ம ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் உண்டா? தெரியாமல் போனது தற்செயல் இல்லை. மறக்கடிக்கப்பட்டது.

யார் இந்த ரிச்சாரியா?

1909-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். வெள்ளைக்காரன் நாட்டில் படித்தாலும் நம் நாட்டு உழவனின் வயலைத்தான் பெரிய பள்ளிக்கூடம் என்று சொன்னவர். 1959-ல் ஒரிசா மாநிலம் கட்டாக்கில் இருக்கும் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநர் ஆனார்.

அந்த நிலையத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1942-ல் வங்காளத்தில் நெல்லில் செம்புள்ளி நோய் விழுந்தது. 1943-ல் பஞ்சம். லட்சக்கணக்கான ஏழைகள் தெருவில் செத்து விழுந்தார்கள். அந்தப் பிணக்காட்டுக்குப் பிறகு, 1946-ல் ஏற்படுத்தியதுதான் கட்டாக் நிலையம். அதன் முதல் இயக்குநர் நம்ம தமிழர், கீழக்கரையில் பிறந்த கே. ராமையா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கற்றவர். அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் பின்னால் ரிச்சாரியா உட்கார்ந்தார்.

நம்ம கிச்சிலிச் சம்பா உலகம் சுற்றிய கதை

"வெளிநாட்டுக்காரன் வராவிட்டால் நாமெல்லாம் பட்டினி கிடந்திருப்போம்" என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை நன்றாகக் கேட்கட்டும்.

1912-ல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே கோணமணி என்கிற நாட்டு நெல்லில், நம்ம பக்கத்தில் ஆத்தூர் கிச்சிலிச் சம்பா என்று சொல்கிறோமே, அந்த வகையில், தானாக மாறி வந்த ஒரு பயிரைப் பொறுக்கி எடுத்தார்கள். அதற்கு ஜி.இ.பி. 24 என்று பெயர் வைத்தார்கள். 1921-ல் வெளியிட்டார்கள். சன்ன அரிசி, நல்ல சுவை, நல்ல விளைச்சல்.

அந்த நெல்லின் வாரிசுகளை எண்ணிப் பாருங்கள்:

ஆடுதுறை 27. 1960-களில் தஞ்சாவூரில் விளைச்சலைக் கூட்டியது என்று மேடை போட்டுப் பேசினார்களே, அதன் ஒரு பெற்றோர் ஜி.இ.பி. 24. இன்னொன்று ஜப்பான் நெல். இந்திய நெல்லையும் ஜப்பான் நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் அந்த வேலை கட்டாக் நிலையத்தில், ராமையா தூண்டி நடந்த வேலை. மலேசியாவில் 1965-ல் மசூரி என்று வெளியாகி, இங்கே பொன்னி என்று நாம் நட்ட நெல்லும் அந்த வேலையில் பிறந்ததுதான்.

டி.கே.எம். 6. திரூர்க்குப்பம் நெல். இதுவும் ஜி.இ.பி. 24-ன் பிள்ளை. பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 20 என்று ஒரு ரகம் கொடுத்ததே, அதற்குத் தண்டுத் துளைப்பானைத் தாங்குகிற குணம் எங்கேயிருந்து வந்தது? இந்த டி.கே.எம். 6-லிருந்துதான் எடுத்தார்கள்.

பி.பி.டி. 5204. கடைக்குக் கடை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, ஆந்திராப் பொன்னி, சம்பா மசூரி. அதன் ரத்தத்திலும் ஜி.இ.பி. 24 இருக்கிறது.

ஆக, நம்ம பாட்டன் முப்பாட்டன் கதிர் பார்த்துப் பொறுக்கிக் கட்டி வைத்த நெல்தான் கோயம்புத்தூர் போய், கட்டாக் போய், மணிலா போய், பேரு மாற்றிக்கொண்டு நம்ம வயலுக்கே திரும்பி வந்திருக்கிறது. பெற்றவன் பேர் எங்கே? எந்தச் சிட்டையிலாவது எழுதியிருக்கிறானா?

மோதல் எங்கே வந்தது?

1960-ல் அமெரிக்காவின் போர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1966-ல் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. உரத்தைக் கொட்டினாலும் சாயாது, கதிர் நிறையக் கொடுக்கும் என்று விளம்பரம். அதற்கு முன்னேயே தைவான் நாட்டின் தைச்சுங் நேட்டிவ் 1 என்ற குட்டை நெல்லும் வந்திருந்தது.

ரிச்சாரியா என்ன சொன்னார்? "வேண்டாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. வெளிநாட்டு விதையை எடுத்த எடுப்பில் பரப்பாதீர்கள். தனியே வைத்துச் சோதியுங்கள். நம் மண்ணின் நோய்க்கும் பூச்சிக்கும் அது ஈடுகொடுக்குமா என்று பாருங்கள். நம்மிடம் இருக்கிற நெல்லை முதலில் எண்ணிப் பாருங்கள் என்றார். இது ஒரு தப்பா? மாடு வாங்கினால்கூட பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து, நாலு நாள் கட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

டெல்லியில் இருந்தவர்களுக்கு அவசரம். 1965, 66-ல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தால்தான் சோறு என்ற நிலை. பட்டினி நிஜம்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டினியைக் காட்டிக் கேள்வி கேட்டவரின் வாயை அடைத்தார்கள். 1966-67 வாக்கில் ரிச்சாரியாவைக் கட்டாய ஓய்வு கொடுத்து வெளியே அனுப்பினார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒரிசா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று வருஷம் தனி ஆளாக வழக்கு நடத்தினார். குடும்பம் நொந்தது. 1970-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நீதி கிடைத்தது, ஆனால் போன காலம் வருமா?

அந்த இடைவெளியில் நடந்தது என்ன? புது ரகங்களில் துங்ரோ நோய் விழுந்தது. புகையான் என்கிற பூச்சி, பழைய நெல்லில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத பூச்சி, 1973-74-ல் கேரளாவில் வயல் வயலாக எரித்துவிட்டுப் போனது. பிறகு ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு மருந்து, மருந்துக்கு ஒரு பூச்சி, பூச்சிக்கு இன்னொரு மருந்து. மருந்துக்கடைக்காரர் மாடி கட்டினார். நாம் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தோம். எச்சரித்தவரை வீட்டுக்கு அனுப்பியவர்கள் யாராவது இந்தக் கடனுக்குப் பொறுப்பேற்றார்களா?

ராய்ப்பூரில் ஒரு தவம்

பிறகு மத்தியப் பிரதேச அரசு அவரைக் கூப்பிட்டது. ராய்ப்பூரில், இன்று சத்தீஸ்கர் மாநிலத்தில் இருக்கிற ஊர், ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம். வருஷத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் பட்ஜெட். ஒரு மைக்ராஸ்கோப் கூடக் கிடையாது. இரண்டு விவசாயப் பட்டதாரிகள், ஆறு கிராம சேவகர்கள். இதுதான் அவருடைய படை என்று பத்திரிகையாளர் கிளாட் ஆல்வாரஸ் 1986-ல் எழுதினார்.

அந்தப் படையோடு ஊர் ஊராகப் போனார். பழங்குடிக் கிராமங்களில் போய் உட்கார்ந்தார். "இந்த நெல்லுக்கு என்ன பேரு? எந்த மண்ணுக்கு ஆகும்? எத்தனை நாள்? தண்ணி நின்றால் தாங்குமா? காய்ந்தால் தாங்குமா? எதற்குச் சமைப்பீர்கள்?" என்று கேட்டு எழுதினார். மேட்டுக்கு ஒரு நெல், பள்ளத்துக்கு ஒரு நெல், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு நெல், சாமிக்கு ஒரு நெல் என்று பழங்குடி மக்கள் பிரித்து வைத்திருந்தார்கள். ஆறே வருஷத்தில் 19 ஆயிரம் வகைகளை வயலில் நட்டு, அறுத்து, மறுபடி நட்டு உயிரோடு காத்தார்.

அவர் கண்டது என்ன? நாட்டு நெல் என்றாலே விளைச்சல் குறைவு என்பது பொய். அவர் சேகரித்ததிலேயே உரக்கடைப் பக்கம் போகாமல் நல்ல மகசூல் கொடுக்கிற வகைகள் நிறைய இருந்தன. நாற்றின் தூரைப் பிரித்துப் பிரித்து நட்டு, ஒரே பயிரிலிருந்து பல பயிராக்கி, ஒட்டு வீரியத்தைக் கையில் பிடிக்கும் முறையையும் சோதித்தார். ஒட்டு விதையை வருஷா வருஷம் கம்பெனியில் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் உழவனே தன் வயலில் செய்துகொள்ளும் வழி அது. யாருக்குப் பிடிக்கும் இது? கம்பெனிக்காரனுக்குப் பிடிக்குமா?

1970-களின் பிற்பகுதியில் உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் வந்தது. ராய்ப்பூர் நிலையம் மூடப்பட்டது. ரிச்சாரியா வெளியே. அவர் சேர்த்த நெல் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. பிள்ளையைப் பெற்றவரை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது போல.

1980-களின் தொடக்கத்தில் பிரதமர் இந்திரா காந்தி கேட்டதன் பேரில் நெல் உற்பத்தியைப் பெருக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். வட்டாரத்துக்கு வட்டாரம் நெல் மையம், அந்தந்த மண்ணின் நெல், காவல் உழவன் கையில். இதுதான் சாரம். அந்தக் காகிதம் அலுவலக அலமாரியில் தூங்கிப்போனது. 1996-ல் ரிச்சாரியா கண் மூடினார்.

மூடினவர் நெல்லை விற்கப் பார்த்தார்கள்!

கதை முடியவில்லை. 2002-ல் என்ன நடந்தது தெரியுமா? அந்த நெல் சேகரம் அப்போது ராய்ப்பூர் இந்திரா காந்தி வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்தது. சுமார் 23 ஆயிரம் வகைகள். அதைப் பயன்படுத்திக்கொள்ள சுவிட்சர்லாந்தின் சின்ஜென்டா கம்பெனி பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடப் போனது. பழங்குடி கொடுத்த நெல், அரசுப் பணத்தில் காத்த நெல், பூச்சிமருந்தும் விதையும் விற்கிற பன்னாட்டுக் கம்பெனியின் மேஜைக்கு!

செய்தி வெளியே வந்தது. சத்தீஸ்கர் உழவர்களும் பொதுமக்களும் தெருவில் இறங்கினார்கள். ரிச்சாரியா பெயரைச் சொல்லியே கோஷம் போட்டார்கள். 2002 டிசம்பரில் சின்ஜென்டா பின்வாங்கியது. சட்டசபையோ அதிகாரியோ தடுக்கவில்லை. உழவன் நின்றான், அது நின்றது. இந்தப் பாடத்தை மனசில் வையுங்கள்.

பாரத ரத்னா கொடுத்தார்கள், பரிந்துரையைக் கொடுத்தார்களா?

எந்த விஞ்ஞானியையும் திட்டுவது நம் நோக்கம் இல்லை. நம்ம கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 2023-ல் காலமானார். 2024-ல் பாரத ரத்னா அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் அவர் தலைமையில் இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை கொடு என்று சொன்னதே? நிலக் குத்தகையும் முதலின் வட்டியும் சேர்த்த முழுச் செலவுக்கு மேல் அந்த 50 சதவீதத்தைச் சட்டமாக்கு என்று கேட்டால் ஏன் வாய் திறப்பதில்லை? புகழ் பாடினால் புகழுக்கு மாலை, கேள்வி கேட்டால் ஓய்வுக் கடிதம். விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால் ஒரு ஏக்கர் ரெண்டு ஏக்கர் வைத்திருக்கிற நம்ம கதி என்ன?

நமக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

"ராய்ப்பூர் எங்கே, கள்ளக்குறிச்சி எங்கே?" என்று சில பேர் கேட்பார்கள். சின்னசேலம் பக்கம் மக்காச்சோளக் காட்டைப் பாருங்கள். ஒரு பிடி விதையாவது போன வருஷ அறுவடையிலிருந்து எடுத்து விதைத்தீர்களா? முடியாது. ஒட்டு விதை. வருஷா வருஷம் கடை. 2018-ல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது விதை விற்றவன் வந்து எட்டிப் பார்த்தானா? பருத்தியைப் பாருங்கள். நாட்டுப் பருத்தி விதை ஒரு கிலோ தேடிக் கொண்டுவர முடியுமா? அங்கே போன விதை திரும்பவே இல்லை.

மலைக்கு மேலே போவோம். கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தார்கள். விதையை எவனிடமும் காசு கொடுத்து வாங்கவில்லை. ஜாகீர்தார் ஆட்சி 1976 வரை அந்த மக்களின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அந்த ஜாகீரால்கூட விதைப்பானையைப் பிடுங்க முடியவில்லை! இப்போது சேகோ ஆலைக்காக மரவள்ளி ஏறியது, சாமைக் காடு சுருங்கியது. ஒரு கிழவியின் வீட்டில் விதை தீர்ந்தால் அந்த வகையே தீர்ந்தது என்ற நிலைமைக்கு வந்துவிட்டோம்.

இன்னொரு பக்கம் பட்டணத்துக் கடையில் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார் எல்லாம் கண்ணாடிப் பாக்கெட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. விளைவித்தவனுக்கு அதில் எவ்வளவு? கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லுக்குத் தனி விலை உண்டா?

அடுத்த ஆபத்து என்ன?

2025 மே மாதம் மத்திய அரசு மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. அதில் ஒன்றுக்குப் பெயர் கமலா. எதிலிருந்து செய்தார்கள்? சம்பா மசூரியிலிருந்து. சம்பா மசூரிக்குள் யார்? நம்ம ஜி.இ.பி. 24! அந்தத் திருத்தும் கருவியின் காப்புரிமை யார் கையில்? வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையங்கள், கம்பெனிகள் கையில். நெல் நம்முடையது, கத்தி அவனுடையது. நாளைக்கு வெட்டினதற்குக் கூலி கேட்டால்? ரிச்சாரியா 60 வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்விதான்: சோதித்தாயா? உழவனைக் கேட்டாயா? விதை யாருக்குச் சொந்தம்?

விதைச் சட்டம் என்ற பெயரிலும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். 2004-ல் ஒரு மசோதா, 2019-ல் ஒரு வரைவு, 2025 நவம்பரில் இன்னொரு வரைவு. ஒவ்வொரு வரியையும் நாம் படிக்க வேண்டும்.

நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. 2001-ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம். அதன் 39-வது பிரிவு சொல்கிறது: விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், பிராண்டு பெயர் போடாமல் விற்கலாம். உழவன் காத்த ரகத்தை உழவன் பெயரிலேயே, ஊர் பெயரிலேயே கட்டணம் இல்லாமல் பதிவு செய்யலாம். சொன்ன மகசூல் வராவிட்டால் இழப்பீடு கேட்கலாம். இந்தச் சட்டம் இருந்தும் குஜராத்தில் உருளைக்கிழங்கு போட்ட சிறு விவசாயிகள் மேல் பெப்சி கம்பெனி கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. நாடே எதிர்த்துக் கேட்டதும் 2019 மே மாதம் வழக்கை வாபஸ் வாங்கியது. ஆக, சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. சங்கம் பின்னால் நிற்க வேண்டும்.

"நாட்டு நெல் ஊருக்குச் சோறு போடுமா?"

இப்படி ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, பதில் சொல்வோம். எல்லோரும் நாளைக் காலையில் ஆடுதுறை ரகத்தையும் கோ ரகத்தையும் தூக்கிப் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஏரித் தண்ணீரும் கோமுகித் தண்ணீரும் பாயும் இடத்தில் எது கட்டுப்படியாகிறதோ அதை நடுங்கள். வெளிநாட்டு நெல்லோடு ஒட்டுச் சேர்ப்பதும் பாவம் இல்லை; ராமையாவே செய்தார். ஆனால் தாய் விதை நம் கையில் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் கிடங்கில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் நெல் மாதிரிகள் குளிர்பெட்டியில் தூங்குகின்றன. பெட்டியில் இருக்கிற நெல் மழை பொய்த்ததைப் பார்க்காது, புதுப் பூச்சியைப் பார்க்காது. வயலில் இருக்கிற நெல்தான் வருஷா வருஷம் பார்த்துப் பழகும். அதனால்தான் ரிச்சாரியா நெல்லை வயலில் காத்தார். அதனால்தான் நம்ம நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் திருவிழா நடத்தி, வாங்கிய விதையை அடுத்த வருஷம் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடு என்று சொல்லிச் சுமார் 170 வகை நெல்லை உழவன் கையில் பரப்பிவிட்டு 2018-ல் கண் மூடினார். அவர் பெயரில் அரசு ஓர் இயக்கம் அறிவித்தது, வரவேற்கிறோம். அந்த விதை கள்ளக்குறிச்சிக் கடைக்கோடிக் கிராமத்துக்கு, மலைமேல் இருக்கிற குக்கிராமத்துக்கு வர வேண்டாமா?

நாம் கேட்பது

மத்திய, மாநில அரசுகளே!

1. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஒவ்வொரு ஒன்றியத்திலும், கல்வராயன் மலையிலும் உழவர்களே நடத்தும் விதை வங்கி அமைத்துக் கொடு!

2. நம் நெல், சாமை, தினை வகைகளை ஊர் மக்கள் பெயரில் பதிவு செய்ய வேளாண் துறை அதிகாரிகளைக் கிராமத்துக்கு அனுப்பு!

3. பாரம்பரிய நெல்லுக்கும் சிறுதானியத்துக்கும் தனி விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்!

4. உழவர்களைக் கேட்காமல், முழுச் சோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிடாமல், மரபணு மாற்றிய, திருத்திய விதையை வயலுக்கு விடாதே!

5. எந்த விதைச் சட்டம் வந்தாலும் 2001-ம் வருஷச் சட்டத்தின் 39-வது பிரிவில் கை வைக்காதே! பொய்த்த விதைக்கு இத்தனை நாளில் இழப்பீடு என்று எழுது!

6. அரசுப் பல்கலைக்கழகங்களிடம் இருக்கும் நம் விதைகளைக் கேட்கிற உழவனுக்குக் கொடு! கம்பெனியோடு போடும் ஒப்பந்தங்களை ஊர் அறிய வெளியிடு!

நாம் செய்ய வேண்டியது

அரசைக் கேட்பதோடு நிற்கக் கூடாது. இந்தப் பட்டத்திலேயே வீட்டுக்கு ஒரு சென்ட் நிலத்தில் ஒரு நாட்டு வகையை நடுங்கள். நல்ல கதிராகப் பொறுக்கி, காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வையுங்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு படி கொடுங்கள். மலையில் இருக்கிற பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, எந்தச் சாமை, எந்த நெல், எந்த மண்ணுக்கு என்று நம்ம பிள்ளைகளின் நோட்டில் எழுதி வாங்குங்கள். ரிச்சாரியா ஆறு கிராம சேவகர்களை வைத்துச் செய்தார். நாம் ஊருக்கு அறுபது பேர் இருக்கிறோம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். ஆளுக்கு ஒரு பிடி சொந்த விதையை மடியில் கட்டிக்கொண்டு வாருங்கள். மனுவோடு அதையும் மேஜையில் வைப்போம். "இது எங்கள் விதை, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்வோம்.

விதை போனால் வயல் போகும்! வயல் போனால் ஊர் போகும்!
விதை உழவன் சொத்து! விற்பனைக்கு இல்லை!
ரிச்சாரியா புகழ் ஓங்குக! உழவர் ஒற்றுமை ஓங்குக!

அணிதிரண்டு வாரீர்! வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கம்,
கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை வட்டாரம்